தவறணை நடத்திய பூட்டனைத் தேடுவது

தவறணை என்றால் கள்ளு, சாராயம் விற்கும் கடை. அதை நடத்திய பூட்டனை, அதாவது தாத்தாவின் தகப்பனைத் தேடுவதென்றால், காகிதங்களுக்கு முன் வீட்டுக் கிழவிகளிடம் போங்கள். "பூட்டன் கள்ளு விற்றாரா?" என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார்கள், அதில் இன்னும் வெட்கம் இருக்கிறது. "தவறணையில் பிளா கோலியது யார்?" என்று கேளுங்கள். பிளா என்பது கள்ளுக் குடிக்கப் பனை ஓலையில் மடிக்கும் கிண்ணம். இலங்கையின் முல்லைத்தீவுப் பக்கம், முள்ளியவளையில் என் பெரியம்மா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு வடலி (இளம் பனை) ஓலையை எடுத்து, மடித்து, முனையை முடிந்து என் கையில் வைத்தார். அதன் பிறகுதான் பெயர்கள் வந்தன.

அடுத்தது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். தகப்பனின் தொழில் எழுதப்பட்டிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். எங்கள் பத்திரங்கள் 2009இல் இடம்பெயர்வில் போய்விட்டன. பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுத்தேன். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, பெயருக்கு முன் வரும் தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆகவே தகப்பன், மகன் இருவர் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் சாராயம் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. குத்தகை எடுத்தவர் வேறு, கடையில் நின்று அளந்து ஊற்றியவர் வேறாக இருக்கலாம். பதிவில் பூட்டன் பெயர் இல்லையென்று மனம் தளர வேண்டாம். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) பதிவுகளையும் அரசாங்க வர்த்தமானிகளையும் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் போதாது, தங்கிப் பார்க்கப் போங்கள்.