வெளிமாநில வேட்டை டேக்: பணம் எங்கே வீணாகிறது?

ஜனவரி பிறந்துவிட்டால் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் (பெரிய மான் இனம்), மியூல் மான் வேட்டைக்கான விண்ணப்பங்கள் சூடுபிடித்துவிடும். கிழக்கே இருந்து முதல் முறையாக விண்ணப்பிக்கிறவர்களைக் கவனித்தால் வருத்தமாக இருக்கிறது. மற்றவர்கள் எங்கே பணத்தை விட்டார்களோ, இவர்களும் அங்கேயேதான் விடுகிறார்கள். அன்று விட்டது சின்னத் தொகை, இன்று அப்படியில்லை. ஐடஹோவில் வெளிமாநிலத்தாருக்கான எல்க் டேக், அதாவது ஒரு எல்க்கைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு, 2020 வரை 416.75 டாலர். 2021இல் அது 651.75 ஆனது. அதற்கு முன்பே வாங்க வேண்டிய வேட்டை லைசென்ஸும் 154.75இலிருந்து 185 டாலருக்கு ஏறியது. வயோமிங்கில் அதிகக் கட்டணப் பிரிவான 'ஸ்பெஷல்' எல்க் லைசென்ஸ் 1,268 டாலராக இருந்தது, 2024 முதல் 1,950.

ஃபெடரல் நிலத்தில்தானே வேட்டையாடுகிறோம், ஏன் உள்ளூர்க்காரரைவிட இத்தனை மடங்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நிலம் ஃபெடரல் அரசுடையதாக இருக்கலாம், ஆனால் விலங்கை நிர்வகிப்பது மாநிலம். மொன்டானாவுக்கு எதிரான பால்ட்வின் வழக்கில் 1978இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. அப்போது அங்கே உள்ளூர்க்காரருக்கு எல்க் லைசென்ஸ் 9 டாலர். வெளியாள் 225 டாலர் கொடுத்து, பல விலங்குகளுக்குச் சேர்த்துத் தரும் காம்போ லைசென்ஸ்தான் வாங்க வேண்டும். அது செல்லும் என்பதே தீர்ப்பு. விலை குறையும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசித் தேதியைத் தவறவிடுவது, யூனிட் (வேட்டைப் பகுதி) எண்ணைத் தப்பாக எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு முறை பட்டால் யாருக்கும் மறக்காது.

பாயிண்ட் சேர்ப்பதைச் சேமிப்பு என்று நம்புவது

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் இதுதான். எத்தனை முறை சொன்னாலும் புதியவர்கள் கேட்பதில்லை என்பதால் ஆற்றாமையும் அதிகம்.

டேக்கைவிடக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் நடக்கிறது. அதில் டேக் விழாதவருக்குப் பல மாநிலங்கள் பாயிண்ட் தருகின்றன. குலுக்கலில் சேராமல் பாயிண்ட் மட்டும் வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. பாயிண்ட் கூடினால் வாய்ப்பும் கூடும் என்பது உண்மை. புதியவர் செய்வது என்ன? இணையத்தில் ஒரு பிரம்மாண்டக் கொம்பின் படத்தைப் பார்க்கிறார். அது எந்த யூனிட் என்று விசாரிக்கிறார். "14 பாயிண்ட் இருந்தால் கிடைக்கும்" என்று யாரோ சொல்ல, 14 வருடத்துக்குத் திட்டம் போடுகிறார். 14 வருடம் கழித்து அந்த யூனிட் 14 பாயிண்டில் நிற்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு யூனிட்டில் அதிக பாயிண்ட் உள்ள வெளிமாநிலத்தாருக்கு வருடத்துக்கு 7 டேக் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முன்னால் 210 பேர் நிற்கிறார்கள். புதிதாக ஒருவர்கூடச் சேராவிட்டாலும் உங்கள் முறை வர 30 வருடம் ஆகும். நீங்கள் வருடத்துக்கு ஒரு பாயிண்ட் ஏறுகிறீர்கள், தேவைப்படும் பாயிண்டும் வருடத்துக்கு ஒன்று ஏறுகிறது. இடைவெளி அப்படியே இருக்கும். இதற்குப் பெயர்தான் 'பாயிண்ட் க்ரீப்'.

காத்திருப்பதற்கும் காசு போகிறது. அரிசோனாவில் குலுக்கலில் சேரவே 160 டாலர் லைசென்ஸ் வேண்டும், விண்ணப்பக் கட்டணம் 15. ஆக, எல்க்குக்கு மட்டும் வருடம் 175. 15 வருடத்தில் 2,625 டாலர். டேக் விழுந்தால் மேலும் 650. அதிலும் வெளிமாநிலத்தாருக்குப் போகும் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டாது. கொலராடோவிலும் குலுக்கலுக்கு முன் ஒரு தகுதி லைசென்ஸ் வாங்கியே தீர வேண்டும். இப்படி நான்கைந்து மாநிலங்களில் பாயிண்ட் சேர்ப்பவர், துப்பாக்கியைத் தொடாமலே வருடா வருடம் ஒரு எல்க் டேக்கின் விலையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

விதி மாறும் அபாயத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வயோமிங்கில் மூஸ் (மிகப் பெரிய மான் இனம்), பிக்ஹார்ன் காட்டு ஆடு இரண்டுக்கும் பாயிண்ட் முறை 1995இலிருந்து உண்டு. வெளிமாநிலத்தார் வருடத்துக்கு 150 டாலர் கொடுத்து ஒரு பாயிண்ட் வாங்கினார்கள். சட்டமன்றம் விதியைத் திருத்தியது. மூஸில் 20 சதவீதமும் காட்டு ஆட்டில் 25 சதவீதமுமாக இருந்த வெளிமாநிலப் பங்கு 2022இல் வந்த அந்தத் திருத்தத்தால் 10 சதவீதம் ஆனது. இருபது வருடத்துக்கு மேல் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரே நாளில் வரிசை இரண்டு மடங்கு நீண்டது. கட்டிய பணம் திரும்பவில்லை. பாயிண்டை மகனுக்கு எழுதி வைக்கவும் முடியாது.

அப்படியென்றால் பாயிண்டே வேண்டாமா? வேண்டும், அளவாக. மாநிலத் துறையின் தளத்தில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் குலுக்கல் அறிக்கை இருக்கும். கடைசி ஐந்து வருட அறிக்கைகளை எடுத்து, தேவைப்பட்ட குறைந்தபட்ச பாயிண்டை வரிசையாக எழுதுங்கள். 3, 3, 4, 4, 4 என்று போனால் எட்டிப் பிடிக்கலாம். 9, 10, 11, 12, 13 என்று போனால் இன்றே கைவிடுங்கள். கையில் 3, 4 பாயிண்ட் சேர்ந்ததும் ஒரு நடுத்தர யூனிட்டில் செலவழித்துவிட்டு மலைக்குப் போங்கள். வயோமிங் எல்க் பாயிண்ட் 52 டாலர்தான். பெரிய யூனிட்டைத் துரத்தாதவரை அந்த ஒரு மாநிலத்தில் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

வேட்டையே பழகாதவர் பாயிண்டைத் தொடாமல் பெட்டை எல்க் டேக் எடுக்கலாம். வயோமிங்கில் 288 டாலர். பெட்டை ப்ராங்ஹார்ன் (மான் போன்ற விலங்கு) 34 டாலர். காற்றுப் போக்கு பார்ப்பது, சுட்ட பிறகு வெயிலில் இறைச்சி கெடாமல் தோலை உடனே உரிப்பது, கால் காலாகப் பிரித்துச் சுமப்பது எல்லாம் அதிலேயே பழகிவிடும். 15 வருடம் காத்து வாங்கிய டேக்கை வைத்துக்கொண்டு இவற்றை முதல் முறையாகக் கற்பது கொடுமை.

அதிகம் கொடுத்தால் கிடைத்துவிடும் என்று 'ஸ்பெஷல்' எடுப்பது

வயோமிங் வெளிமாநில எல்க் டேக்குகளில் 40 சதவீதம் ஸ்பெஷல் பிரிவுக்கு, மீதி 692 டாலர் சாதாரணப் பிரிவுக்கு. விலங்கும் யூனிட்டும் சீசனும் ஒன்றே. 1,258 டாலர் கூடுதலாகக் கொடுப்பது, கூட்டம் குறைவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்புக்காக மட்டுமே. சில யூனிட்களில் கூட்டம் குறைவதில்லை. இரண்டு பிரிவின் அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் டிக் அடிக்காதீர்கள்.

வில்டர்னஸ் எல்லையைப் பார்க்காமல் யூனிட் எடுப்பது

வயோமிங்கில் ஃபெடரல் வில்டர்னஸ் (சாலை, கட்டிடம் இல்லாமல் இயற்கையாகவே காக்கப்படும் நிலம்) பகுதிக்குள் வெளிமாநிலத்தார் தனியாகப் பெருவிலங்கு வேட்டையாடக் கூடாது. தொழில்முறை வழிகாட்டியோ, அதற்கான இலவச அனுமதி பெற்ற உள்ளூர்க்காரரோ கூட இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் காசு வாங்கக் கூடாது. டேக் கைக்கு வந்த பிறகு வரைபடத்தைத் திறந்து, யூனிட்டின் நல்ல பாதி முழுக்க வில்டர்னஸ் என்று கண்டு திகைக்கிறவர்கள் வருடந்தோறும் இருக்கிறார்கள். மீதிப் பாதி தனியார் பண்ணை நிலமாக இருந்தால் டேக் வெறும் காகிதம்.

குழுவாக விண்ணப்பித்துப் பாயிண்டைக் கரைப்பது

8 பாயிண்ட் வைத்திருக்கும் தந்தையும் ஒன்றுமே இல்லாத மகனும் சேர்ந்து விண்ணப்பித்தால், வயோமிங் சராசரி எடுத்து 4 என்று கொள்ளும். கொலராடோ குழுவிலேயே குறைந்ததை எடுக்கும், அதாவது பூஜ்யம். டேக் விழுந்தால் தந்தையின் 8 பாயிண்டும் போய்விடும்.

பழைய தகவலை நம்புவது

கொலராடோவில் கடையில் போய் வில் வேட்டைக்கான எல்க் டேக் வாங்கிவிடலாம் என்று இன்னும் சொல்கிறார்கள். 2025 முதல் 25ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைக்கு மேற்கே வெளிமாநிலத்தாருக்கு அது குலுக்கலில்தான். ஐடஹோவின் பொது சீசன் மான், எல்க் டேக்குகளும் 2026 சீசனிலிருந்து அப்படித்தான். விண்ணப்பம் முந்தைய டிசம்பரிலேயே.

முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் தூங்கவிடுவது

வயோமிங், நியூ மெக்சிகோ இரண்டும் முழுக் கட்டணத்தையும் விண்ணப்பத்தோடே எடுத்துக்கொள்ளும். வயோமிங் எல்க்குக்கு பிப்ரவரி தொடக்கத்தில் கட்டினால் முடிவு வருவது மே மாதம். டேக் விழாவிட்டால் டேக் பணம் திரும்பும், விண்ணப்பக் கட்டணம் திரும்பாது, இடையில் ஏறிய வட்டியும் திரும்பாது. ஐடஹோவில் மூஸுக்கு விண்ணப்பித்தால் 2,600 டாலருக்கு மேல் இப்படி முடங்கும்.

சில்லறையை மறப்பது

வயோமிங் கன்சர்வேஷன் ஸ்டாம்ப் (வனவிலங்குப் பாதுகாப்புக்கான கட்டணம்) 21.50 டாலர். வில் லைசென்ஸ் தனியாக 72.

ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி) சான்றிதழ்

வயோமிங்கில் 1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்குக் கட்டாயம், கொலராடோவில் 1949. ஜூலை வரை தள்ளிப்போட்டுவிட்டுத் தேடாதீர்கள்.

காலாவதியான கார்டு

குலுக்கலுக்குப் பிறகு பணம் எடுக்கும் மாநிலங்களில் கார்டு வேலை செய்யாவிட்டால் டேக் அடுத்தவருக்குப் போகக்கூடும். வங்கி புதுக் கார்டு அனுப்பிய அன்றே கணக்கில் எண்ணை மாற்றுங்கள்.