பழைய டிக் வெல்டிங் மெஷினை மாற்றாமலே கோளாறு தீர்ந்தது

304 ஸ்டெயின்லெஸ் குழாய், 1.5 மி.மீ. கனம், 50 ஆம்பியர். வெல்டிங் பீட் (உருகி உறைந்த வரி) சாம்பல் நிறமாகி ஊசித்துளை விழுந்தது; ஆர்க் (மின்சுடர்) எழும் டங்ஸ்டன் கம்பியின் முனை கருத்தது. புது பல்ஸ் மெஷின் வாங்கச் சொன்னார்கள்.

வெல்டிங்கில் காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயுவின் சிலிண்டரை மாற்றினேன், டங்ஸ்டனைத் திரும்பத் தீட்டினேன், அசிட்டோனால் துடைத்தேன். பயனில்லை. ஆர்கானை நிமிடத்துக்கு 8 லிட்டரிலிருந்து 15-க்கு ஏற்றியதும் இன்னும் மோசம். டார்ச் (கைப்பிடி) முனையில் வாயு வெளிவரும் கப் சிறியது; அதில் வேகம் கூடினால் வாயு சுழன்று வெளிக்காற்றை இழுக்கும்.

ஆனால் ஆர்க் ஒரே சீராக எரிந்தது, தொடக்கமும் உடனே கிடைத்தது. மின்பகுதி கெட்டால் இப்படி இருக்காது. ஆக, சந்தேகம் டார்ச் மேல்.

டங்ஸ்டனைக் கழற்றி, கப் வாயை டேப்பால் இறுக அடைத்து, ஆர்க் கிளம்பாதபடி, வாயு மட்டும் ஓடும் கேஸ் செக்கில் வைத்தேன். கசிவு இல்லையென்றால், ரெகுலேட்டரில் வாயு ஓட்டத்தைக் காட்டும் குண்டு அடிக்கு இறங்க வேண்டும். 2 லிட்டரில் மிதந்தது. கேஸ் ஹோஸ் இணைப்புகளில் சோப்புநீர் தடவினேன், குமிழி இல்லை. டார்ச்சின் பின்மூடிக் கழுத்தில் வந்தது! உள்ளே இருந்த ஓ-ரிங் (வாயுவை அடைக்கும் வளையம்) சூட்டில் தட்டையாகி கல்லாகியிருந்தது. மூடியை இறுக்கினாலும் அது அடைக்காது. பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

ஓ-ரிங்கோடு புது பின்மூடி போட்டேன், ஆர்க் அணைந்தபின் கேஸ் 8 விநாடி ஓடவிட்டேன். பீட் வைக்கோல் நிறத்தில் வந்தது. அப்பாடா.

அலுமினியத்துக்கு ஏ.சி. வேண்டுமென்றால் புது மெஷின் வாங்கலாம். ஸ்டெயின்லெஸ் மட்டும் என்றால் இந்த டி.சி. மெஷினே போதும்.