மேலூரில் உட்கார்ந்துகொண்டு பிரையர் பார்ப்பது எப்படி

பனித்தளத்தில் கல்லைத் தள்ளி விளையாடும் ஆட்டம் கர்லிங். கனடாவில் ஆண்களுக்கான தேசிய கர்லிங் போட்டிக்கு பிரையர் என்று பெயர். மேலூர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை பார்க்கிறவனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அங்கே பனியில் தள்ளி விளையாடுகிற கல்லும் கிரானைட்தான். எனக்கு அது போதும்.

முதலில் எந்த ஊரில் நடக்கிறது என்று பாருங்கள். 1927-இல் டொராண்டோவில் தொடங்கிய போட்டி இப்போது வருஷத்துக்கு ஒரு ஊர் என்று சுற்றுகிறது. நம் தூக்கம் அந்த ஊர் கையில். 2024-இல் ரெஜினாவில் நடந்தபோது அங்கே இரவு 7 மணி ஆட்டம் நமக்குக் காலை 6.30. டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். கிழக்குக் கோடியில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் என்றால் அதே 7 மணி ஆட்டம் விடிகாலை 4 மணிக்கு வந்து நிற்கும். மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டால் 3 மணி. அலாரத்தை மாற்ற மறந்துவிடாதீர்கள்.

அடுத்து கல்லைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஸ்காட்லாந்தின் அய்ல்சா கிரெய்க் தீவுக் கல் பேர்போனது. தண்ணீர் குடிக்காத ரகம். தண்ணீர் குடிக்கிற கல் பனியில் சீக்கிரம் பொரிந்துவிடும். அடிப்பக்கம் முழுக்கத் தரையில் படாது, நடுவில் குழிவாக இருக்கும். மெல்லிய ஒரு வளையம் மட்டும் பனியைத் தொடும். அந்த வளையத்தை இழைத்த கை லேசுப்பட்ட கையில்லை.

பனியும் வழவழப்பாக இருக்காது. மேலே தண்ணீர்த் துளி தெளித்துப் பொரிப்பொரியாக உறைய விடுவார்கள். கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பி விட்டால் கல் மெதுவாகச் சுழன்று, போகப் போக வளையும். கல்லுக்கு முன்னால் பனியைப் பிரஷ்ஷால் தேய்த்தால் கல் அதிக தூரம் ஓடும், வளைவும் குறையும்.

அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். இப்படி 16 கல்லும் போனால் ஒரு எண்டு. மறுகோடியில் பனியில் இருக்கும் வட்டத்தின் நடுவுக்கு யார் கல் நெருக்கமோ அவர்களுக்கு மட்டும் புள்ளி. ஸ்கோரை விட, கடைசிக் கல் யாரிடம் என்று கவனியுங்கள். அதை ஹாமர் என்பார்கள். புள்ளி எடுத்தவர் அடுத்த எண்டில் அதை எதிரணிக்குக் கொடுக்க வேண்டும். அதனால் ஒரே புள்ளி கிடைக்கும் என்றால் அதை வேண்டாமென்று, யாருக்கும் புள்ளி இல்லாமல் எண்டைக் காலியாக விடுவார்கள். காலியானால் ஹாமர் கைமாறாது.

பழகுவதற்கு 2017 இறுதி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். செயின்ட் ஜான்ஸ்காரர் பிராட் குஷு சொந்த ஊரில் ஆடியது. அவருடைய மாகாணமான நியூஃபவுண்ட்லாந்து அதற்கு முன் ஜெயித்தது 1976-இல், ரெஜினாவில். 6-6 என்று நிற்கும்போது குஷு விட்ட கடைசிக் கல்லில் வேகம் போதவில்லை. அவர் அணியின் கேலன்ட்டும் வாக்கரும் உயிரைக் கொடுத்துத் தேய்த்துத் தேய்த்து அதை வட்டத்துக்குள் கொண்டுபோனார்கள். 7-6. நான் நின்றுகொண்டுதான் பார்த்தேன்.

பக்கத்தில் இருந்த மருமகனுக்குச் சந்தேகம்: “ஏன் மாமா, சில ஆட்டத்துல பாதியிலயே கை குடுத்துட்டுப் போயிடுறாங்க?” பத்து எண்டு முடியுமுன் கை கொடுத்தால் தோல்வியை ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. டிவியை அணைத்துவிடாதீர்கள். லீக் நாட்களில் ஒரே நேரத்தில் நான்கு தடங்களில் ஆட்டம் ஓடும், கேமரா அடுத்த தடத்துக்குப் போகும்.