ஊட்டியில் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு சூப்பர்சார்ஜர்: கணக்கை மேட்டுப்பாளையத்தில் தொடங்குங்கள்

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல். குன்னூரில் 81, மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையத்தில் 98. சமவெளியில் நன்றாக இழுக்கும் வண்டி மேலே வந்ததும் சோர்ந்துபோவதற்குக் காரணம் இந்த எண்கள்தான். உள்ளே போகும் காற்றே குறைந்துவிட்டால் எவ்வளவு நல்ல என்ஜினாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால், காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் மீது மலைக்காரருக்கு ஆசை வருவது நியாயமே. கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் 2,000 சுற்றில் திரும்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்த அந்த நொடியே இழுவை வேண்டும். அதைத் தருவது, இரண்டு ரோட்டர்கள் சுழன்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு காற்றைத் தள்ளும் ரூட்ஸ் வகை. சென்ட்ரிஃபியூகல் வகையில் அழுத்தம் என்ஜின் சுற்று ஏற ஏறத்தான் வரும். நேரான நெடுஞ்சாலைக்கு அது சரி, காட் ரோட்டுக்குப் பயன் குறைவு.

எடுத்துக்காட்டுக்கு 1989 முதல் 1993 வரை வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியை வைத்துக்கொள்வோம்: 1,597 சிசி, கம்ப்ரஷன் 9.4:1, சுமார் 115 குதிரைத்திறன். உங்கள் வண்டி வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

பூஸ்ட் மீட்டரை, அதாவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அழுத்தம் கூடுதல் என்று காட்டும் மீட்டரை, நம்பிக் கணக்குப் போடுவதுதான் மலையில் பெரிய ஆபத்து. பெல்ட்டில் ஓடும் புளோயர், அதாவது சூப்பர்சார்ஜர், வெளிக்காற்றை இத்தனை மடங்கு என்றுதான் அமுக்கும். 'இத்தனை பி.எஸ்.ஐ.' என்று எங்கும் ஒரே அளவாகத் தராது. ஊட்டியில் மீட்டர் 6 பி.எஸ்.ஐ., அதாவது 41 கிலோபாஸ்கல், காட்டும்படி புல்லி போட்டால் விகிதம் (77+41)÷77, அதாவது 1.53. அதே புல்லியோடு மேட்டுப்பாளையம் இறங்கினால் 98-ஐ 1.53-ஆல் பெருக்க 150 கிலோபாஸ்கல். மீட்டர் 7.5 காட்டும். கோடையில் 38 டிகிரிக் காற்று புளோயருக்குள் போய் 110 டிகிரியில் வெளியே வரும். 9.4 கம்ப்ரஷன் உள்ள முப்பது வருடத்து என்ஜினுக்கு அது நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது), பிறகு உடைந்த பிஸ்டன்.

ஆகவே விகிதத்தை 1.4-இல் நிறுத்துங்கள். மேட்டுப்பாளையத்தில் வெளியழுத்தமும் சேர்ந்த முழு அழுத்தம் 137 கிலோபாஸ்கல், மீட்டரில் 5.7 பி.எஸ்.ஐ. ஊட்டியில் 108, மீட்டரில் 4.5. மேலே மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே என்று யாராவது சின்னப் புல்லி போடச் சொன்னால் கேட்காதீர்கள். மீட்டர் வாங்கும்போதே முழு அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் காட்டுவதாகப் பார்த்து வாங்கினால் இந்தக் குழப்பமே வராது.

அமுக்கிச் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலர் தேவையா? 18 டிகிரி குளிரில் ஊட்டியில் ஓட்டினாலும், 1.4 விகிதத்தில் புளோயரை விட்டு வரும் காற்று 70 டிகிரியைத் தாண்டும். புளோயரின் வெப்பத் திறனை 55 சதவீதம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி, சூப்பர்சார்ஜர் இல்லாத ஊட்டி வண்டியைவிட 19 சதவீதம் அளவுக்குத்தான் கூடும். கடலோரத்தில் சாதாரணமாக ஓடும் என்ஜினுக்குச் சற்றுக் கீழேதான் நிற்பீர்கள். காற்றை 40 டிகிரிக்கு ஆற்றினால் லாபம் 30 சதவீதமாகிறது. சமவெளியில் நாக்கிங்கைத் தள்ளிவைப்பதும் அதுவே. முதலில் புளோயர், பிறகு பார்த்து இன்டர்கூலர் என்று திட்டமிட்டால் குழாய் வழி முழுவதையும் இரண்டு தடவை செய்ய நேரும். தொடக்கத்திலேயே இடம் ஒதுக்குங்கள்.

பொருள் வாங்கும் முன் இரண்டு வேலைகள். முதலாவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற ட்ராக்கில் ஓட்டுவதாக மட்டும் திட்டமிடுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து இழப்பீடு மறுக்கப்படலாம்.

இரண்டாவது, என்ஜின் இதைத் தாங்குமா என்ற சோதனை. நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்கள். என்ஜின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதித்தபடி. மேட்டுப்பாளையத்தில் 175 பி.எஸ்.ஐ. காட்டும் நல்ல என்ஜின் ஊட்டியில் 138 வாக்கில்தான் காட்டும். சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு ரிங் போய்விட்டது என்று என்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதே முக்கியம். லீக்டவுன், அதாவது சிலிண்டருக்குள் ஏற்றிய காற்று கசியும் அளவு, 10 சதவீதத்தைத் தாண்டினால் சூப்பர்சார்ஜர் பணத்தை முதலில் என்ஜினுக்குச் செலவழியுங்கள்.

இந்த மாஸ்டாவில் இன்னொரு இடம் உண்டு. 1990, 91 தொடக்கத்தில் வந்த வண்டிகளில் கிராங்க் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் கிராங்க் முனை, குட்டையானது. புல்லி நழுவாமல் பிடிக்கும் சாவிப்பள்ளம் தேய்ந்து புல்லி ஆடக்கூடும். கிராங்க் புல்லிக்குள் எட்டிப் பாருங்கள்: நான்கு துளை என்றால் குட்டை மூக்கு, எட்டு என்றால் பிந்தைய நீள மூக்கு. குட்டை மூக்கில், என்ஜின் ஓடும்போது புல்லி துளியும் தள்ளாடினால் புளோயர் பெல்ட்டின் இழுப்பு அதை முடித்துவிடும். அத்தகைய என்ஜினில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

புளோயருக்கு ஈட்டன் எம்45 பொருத்தமான அளவு. ஒரு சுற்றுக்கு 0.737 லிட்டர் தள்ளும். 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் வண்டியில் இருப்பது இதுதான், பழைய சாமான் சந்தையில் அதிகம் கிடைப்பதும் இதுதான். ஆனால் மினியில் புளோயரின் பின்பக்கம் தண்ணீர் பம்பையும் ஓட்டுகிறது. உங்களுக்கு அது தேவையில்லை என்பதால் அந்தப் பக்கத்தை எண்ணெய் கசியாமல் மூடும் தகடு செய்யும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது புல்லியைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று தளர்வு இருந்தால் உள்ளே புல்லியையும் ரோட்டர்களையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கிறது, அது மாற்றக்கூடியது. காற்று வரும் வாயில் டார்ச் அடித்து ரோட்டர்களைப் பாருங்கள். மேல்பூச்சு உரிந்து பளபளவென்று உலோகம் தெரிந்தாலோ, ரோட்டர் சுவரில் உரசிய கோடு இருந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். மூக்குப் பகுதி எண்ணெய் தனி, என்ஜின் எண்ணெய் அங்கே போகாது. வடித்து, சூப்பர்சார்ஜருக்கென்றே உள்ள எண்ணெயைப் புதிதாக ஊற்றிய பிறகே பொருத்துங்கள்.

புல்லிக் கணக்கு இப்படி: என்ஜின் ஒரு சுற்றில் 0.8 லிட்டர் இழுக்கும். சிலிண்டர் நிரம்பும் திறன் 88 சதவீதம், புளோயர் திறன் 85 சதவீதம், இன்டர்கூலருக்குப் பின் 55 டிகிரி என்று வைத்தால், விகிதம் 1.4 கிடைக்கப் புளோயர் என்ஜினைவிட ஏறக்குறைய 1.45 மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். கிராங்க் புல்லி 130 மி.மீ. என்றால் புளோயர் புல்லி 90 மி.மீ. 7,000 சுற்றில் புளோயர் சுமார் 10,100 சுற்றுகிறது. எம்45-ஐ 14,000-க்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி. புல்லியில் 5 மி.மீ. குறைத்தாலே அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறிவிடும். எனவே முதல் புல்லியைப் பெரிதாகவே கடையச் சொல்லுங்கள்.

பிராக்கெட் வேலைக்குக் கோவையில் நல்ல லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. முதலில் 12 மி.மீ. ப்ளைவுட்டில் மாதிரி வெட்டி வண்டியில் வைத்து, பானெட் மூடுகிறதா, ஸ்டீயரிங் பக்கம் இடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே அளவில் 12 மி.மீ. அலுமினியத் தகடு. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் 1 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். சின்னப் புல்லியைப் பெல்ட் 150 டிகிரிக்குக் குறையாமல் சுற்றியிருக்க வேண்டும், போதாவிட்டால் பெல்ட்டைத் திருப்பிவிடும் ஐட்லர் உருளை ஒன்று சேருங்கள். உயர் சுற்றில் பூஸ்ட் ஏறி ஏறி திடீரென்று சரிந்தால் பெல்ட் வழுக்குகிறது. குன்னூர் மூடுபனி ஈரத்தில் இது இன்னும் சீக்கிரம் வரும். டென்ஷனைக் கண்டபடி ஏற்றுவது மருந்தாகாது. புளோயர் மூக்கு பேரிங்கும் தண்ணீர் பம்ப் பேரிங்கும் போய்விடும். பெல்ட் சுற்றும் கோணத்தைக் கூட்டுவதே சரி.

பெட்ரோல் இப்போது பங்கில் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் கலந்ததால் அதே காற்றுக்கு ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். 150 குதிரைத்திறனுக்கு ஒரு இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 315 சிசி பெட்ரோல் தர வேண்டியிருக்கும். 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்ற வரம்பும் இதில் அடக்கம். ஒரிஜினல் இன்ஜெக்டர் 200 சிசி சொச்சம்தான், 360 போடுங்கள். பம்புக்கு பேட்டரியிலிருந்து ரிலே வைத்துத் தனி ஒயர், 4 சதுர மி.மீ. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் எஃப்.கே.எம். குழாயாக மாற்றுங்கள். அழுத்தம் கூடிய வண்டியில் பெட்ரோல் கசிவு தீ விபத்தில்தான் முடியும். பிளக் ஒரு படி குளிர்ந்ததாக, என்.ஜி.கே. பி.கே.ஆர்.7இ, இடைவெளி 0.8 மி.மீ.

ஒரிஜினல் காற்று அளவியின் மடல் இந்தக் காற்றோட்டத்துக்கு இடைஞ்சல். அதை எடுத்துவிட்டு மெகாஸ்குவர்ட் போன்ற தனி ஈ.சி.யு. (என்ஜினை இயக்கும் கணினி), மேனிஃபோல்ட் அழுத்தத்தை 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும் மேப் சென்சார் என்று போங்கள். மேப் சென்சாருடன் இரண்டாவதாக வெளிக்காற்று அழுத்தம் பார்க்கும் சென்சாரும் வேண்டும். சாவி போடும்போது மட்டும் வெளியழுத்தத்தைப் படிக்கும் அமைப்பில், ஊட்டியில் ஸ்டார்ட் செய்து நிறுத்தாமல் மேட்டுப்பாளையம் வரை வந்தால் ஈ.சி.யு. இன்னும் ஊட்டியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

கூலிங்கில் மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. 0.9 பார் ரேடியேட்டர் கேப் அழுத்தத்தைப் பிடித்தால் 115 வரை தாங்கும். கேப்பின் ரப்பர் இறுகிப்போயிருந்தால் கல்லட்டி ஏற்றத்தில் ஆவி கிளம்பும். கேப், ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் மூன்றும் புதிதாக இருக்கட்டும்.

பிரேக்கை யாரும் சூப்பர்சார்ஜரோடு சேர்த்து யோசிப்பதில்லை. பிரேக் பூஸ்டர் வெளியழுத்தத்துக்கும் வேக்குவத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் வேலை செய்கிறது. மேலே வெளியழுத்தமே குறைவு என்பதால் உதவியும் குறைவு. வேக்குவக் குழாயைப் புளோயருக்குப் பின்னால் மேனிஃபோல்டிலிருந்து எடுத்து, ஒன்வே வால்வ் சரியாக மூடுகிறதா என்று வாயால் ஊதிப் பாருங்கள். அந்த வால்வ் ஒழுகினால் பூஸ்ட் அழுத்தம் பூஸ்டருக்குள் போய், கல்லட்டியின் 36 வளைவுகளில் இறங்கும்போது பெடல் கல்லாகிவிடும். என்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் பி.சி.வி. குழாய்க்கும் இதே கவனம், இல்லையேல் சீல்கள் வழியே எண்ணெய் பீறிடும்.

டியூனிங்கில் ஐடிலும் மெதுவான ஓட்டமும் ஊட்டியிலேயே சரிசெய்துகொள்ளலாம். முழு மிதியை மட்டும் கோவையில் டைனமோமீட்டரில், முடிந்தால் ஏப்ரல் அல்லது மே வெயிலில் செய்யுங்கள். அங்கே நாக்கிங் இல்லாமல் ஓடும் வண்டிதான் மேலே நிம்மதியாக ஓடும், எதிர்த்திசையில் இது பொருந்தாது. கலவையை லாம்ப்டாவில் (சரியான கலவை 1, குறைந்தால் பெட்ரோல் கூடுதல்) பாருங்கள்: முழு பூஸ்டில் 0.80 முதல் 0.82. இ20-இல் பழைய 14.7 காற்று-எரிபொருள் கணக்கு தவறான எண்ணைக் காட்டும். பற்றவைப்பை ஒவ்வொரு பி.எஸ்.ஐ.க்கும் ஒரு டிகிரி பின்தள்ளித் தொடங்கி, நாக்கிங் சத்தத்தை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே அரை அரை டிகிரியாக முன்னே கொண்டுவாருங்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் பிராக்கெட் போல்ட்களை டார்க் ரென்ச்சால் மறுபடி இறுக்கி, பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துவிடுங்கள். 1,000 கி.மீ.யில் பிளக்கைக் கழற்றி பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சின்னச் சின்ன அலுமினியப் புள்ளிகள் மினுங்கினால் பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது. பெரிய புல்லிக்கு மாறிவிட்டு, கலவையையும் டைமிங்கையும் மறுபடி சரிபார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.