மூச்சுத் திணறும் கோவிட் நோயாளியை ஆம்புலன்ஸில் கொண்டுபோவது எப்படி

2021 மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. உள்ளே படுக்கை கிடைக்கும்வரை நோயாளி வண்டியிலேயே, வண்டியின் சிலிண்டரை நம்பியே கிடக்க வேண்டியிருந்தது. பயண நேரத்துக்கு மட்டும் ஆக்ஸிஜன் கணக்குப் போட்டவர்களுக்கு அங்கேதான் சிக்கல். சைரன், வேகம் எல்லாம் அப்புறம், முதலில் சிலிண்டர்.

கிளம்பும் முன்

கையில் தூக்கிச் செல்லும் பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர். நிரம்பியிருந்தால் அழுத்தம் காட்டும் கேஜ் 150 (பார் அளவில்) காட்டும், அதாவது 150 × 10 = 1,500 லிட்டர் ஆக்ஸிஜன். பெரிய டி டைப்பில் சுமார் 7,000 லிட்டர். கேஜ் காட்டும் எண்ணில் 20-ஐக் கழியுங்கள். அது அவசரக் கையிருப்பு. மீதியைக் கொள்ளளவால் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விடுகிறீர்களோ அதால் வகுத்தால் எத்தனை நிமிடம் வரும் என்பது தெரிந்துவிடும்.

பி டைப்பில் கேஜ் 80 என்று வையுங்கள். 60 × 10 = 600 லிட்டர். 15 லிட்டர் வேகத்தில் விட்டால் 40 நிமிடம்தான். பயணம் 20 நிமிடம், மருத்துவமனை வாசலில் ஒரு மணி நேரம் என்றால் 1,200 லிட்டர் வேண்டும். இந்த ஒரு சிலிண்டரோடு கிளம்பக்கூடாது.

வால்வு மூடியிருக்கும்போது கேஜ் காட்டுவதை நம்பாதீர்கள். முந்தைய ஆள் காற்றை வெளியேற்றாமல் விட்டிருந்தால் பழைய அழுத்தமே முள்ளில் நிற்கும். வால்வை மெதுவாக முழுசாகத் திறந்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் ஃப்ளோ மீட்டரில் காற்று ஓடும்போது பாருங்கள். ஓடத் தொடங்கியதும் முள் சட்டென்று இறங்கினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை, அல்லது சிலிண்டரே காலி. இணைப்பில் 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். மாற்று வாஷர் இரண்டு பையில் இருக்கட்டும். அதில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது. சானிடைசர் போட்ட கை நன்றாகக் காய்ந்த பிறகே வால்வைத் தொடுங்கள். ஆக்ஸிஜனும் ஸ்பிரிட்டும் சேரும் இடத்தில் ஒரு பொறி போதும்.

வழியிலேயே நோயாளியின் வீட்டுக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மாடி, லிஃப்ட் உண்டா, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா.

வீட்டில்

கோவிட் நோயாளி பார்க்கத் தெம்பாக இருந்துகொண்டே ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 80 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கலாம். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, பையன்தான் பயந்துபோய்க் கூப்பிட்டான்" என்று சொல்பவரிடமும் எண்ணைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். நகப்பூச்சு, கருமையான மருதாணி, குளிர்ந்த விரல் மூன்றும் இந்த அளவை விரலில் பார்க்கும் ஆக்ஸிமீட்டரை ஏமாற்றும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி மாட்டி, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணுவதும் ஒத்துப்போகாவிட்டால் ஆக்ஸிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம்.

மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே நோயாளியின் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு மார்பைக் கவனியுங்கள். 2021-இல் எய்ம்ஸ், ஐசிஎம்ஆர் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வெளிக்காற்றில் (ஆக்ஸிஜன் கொடுக்காமல்) ஆக்ஸிஜன் அளவு 90 முதல் 93 அல்லது நிமிடத்துக்கு 24 மூச்சுக்கு மேல் என்றால் நடுத்தர நிலை. 90-க்குக் கீழே அல்லது 30 மூச்சுக்கு மேல் என்றால் தீவிரம்.

படியில் நடக்கவிடாதீர்கள். உட்கார்ந்தபடி 91 இருந்தவருக்கு ஒரு மாடி இறங்குவதற்குள் எண் சரிந்துவிடும். முதலில் ஆக்ஸிஜன், அப்புறம்தான் தூக்குவது. ஸ்ட்ரெச்சர் திரும்பாத குறுகலான படிக்கட்டில் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் இறக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் கைப்பிடியில் பிடிக்காதீர்கள், உடைந்துவிடும்; உட்காரும் பலகைக்கு அடியில் பிடியுங்கள். துணியால் இடுப்பைக் கட்டிவிடுங்கள்.

நோயாளியோடு போகிற பையில் மாத்திரைச் சீட்டு, மூக்குக் கண்ணாடி, பல்செட், போன், சார்ஜர் எல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்போது கோவிட் வார்டுக்குள் போனபிறகு சொந்தக்காரர் யாரும் கொண்டுவந்து கொடுக்க முடியவில்லை. சார்ஜர் இல்லாத போன் இரண்டாம் நாளே ஊமையாகிவிடும்.

வண்டியில்

மூக்குக் குழாய்க்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை. அதன் மேல் சர்ஜிக்கல் மாஸ்க் ஒன்றைப் போட்டுவிடுங்கள். சாதாரண ஆக்ஸிஜன் மாஸ்க்குக்கு 5-க்குக் குறையக் கூடாது, குறைந்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். பை வைத்த மாஸ்க்குக்கு 10 முதல் 15. வால்வை விரலால் அடைத்துப் பையை முழுசாக நிரப்பிய பிறகே முகத்தில் மாட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது பை சுருங்கிப் படுத்துவிட்டால் காற்று போதவில்லை, கூட்டுங்கள்.

இலக்கு 92 முதல் 96. பழைய நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு 88 முதல் 92 போதும். 99 வந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள், அது வீணாகும் சிலிண்டர். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

சாய்ந்து உட்காரவைப்பதே பெரும்பாலானவர்களுக்கு நல்லது. முடிந்தால் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிப் பாருங்கள். கர்ப்பிணி என்றால் இடது பக்கம். ஆஸ்துமாக்காரருக்கு மருந்தைப் புகையாக்கும் நெபுலைசர் வேண்டாம், வண்டி முழுக்கக் கிருமி பறக்கும். ஸ்பேசர் என்கிற குழாயை வைத்து இன்ஹேலர் கொடுங்கள்.

பைலட் (ஓட்டுநர்) அறைக்கும் நோயாளி அறைக்கும் நடுவே உள்ள ஜன்னலை மூடுங்கள். பின்னால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். முன்பக்க ஏசியை வெளிக்காற்று இழுக்கும் நிலையில் வைக்க வேண்டும். உள்காற்றையே சுற்றவிட்டால் மூடிய ஜன்னலுக்குப் பயனில்லை.

நோயாளிக்கு உங்கள் முகம் தெரியாது. கவச உடையின் மார்பில் மார்க்கரால் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். என்95-க்குள்ளிருந்து கத்தினால் திட்டுவதுபோல் கேட்கும். காதருகே சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள்: "ஐயா, மாஸ்க்கைக் கழட்டாதீங்க. இன்னும் பத்து நிமிஷம்தான்." முகத்தை அடைப்பதுபோல் இருக்கிறது என்று பெரியவர்கள் மாஸ்க்கைப் பிடுங்குவார்கள். அது பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவால் வரும் படபடப்பு, பிடிவாதம் இல்லை. கையைக் கட்டாதீர்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பையையும் ஃப்ளோவையும் பாருங்கள்.

வாசலில்

காத்திருக்கச் சொன்னால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கேஜ், ஆக்ஸிஜன் அளவு, மூச்சு எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். சிலிண்டர் 50-க்கு இறங்கும்போதே மருத்துவமனைச் சிலிண்டர் கேளுங்கள். 20 வந்தபிறகு கேட்டால் கொண்டுவரும் நேரம் உங்களிடம் இருக்காது. ஒப்படைக்கும்போது முதல் எண், இப்போதைய எண், எத்தனை லிட்டரில் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். "சாச்சுரேஷன் 94" என்று மட்டும் சொன்னால் வெளிக்காற்றில் 94 என்று எடுத்துக்கொண்டு பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள்.

முடிந்தபின்

தொற்று வருவது கவச உடையைப் போடும்போது இல்லை, கழற்றும்போதுதான். வெளிக் கையுறை, உடையை உள்புறம் வெளியாகச் சுருட்டி, அப்புறம் கண்ணாடி, கடைசியாக என்95. ஒவ்வொரு படிக்கும் நடுவில் கை சுத்தம். மாஸ்க்கை வாரைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

வண்டியை 1 சதவீத ஹைப்போவால் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) துடையுங்கள்: 5 சதவீதக் கரைசல் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. பிளீச்சிங் பவுடர் என்றால் ஒரு லிட்டருக்கு சுமார் 33 கிராம். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றுக் கலந்ததில் வீரியம் இருக்காது. பத்து நிமிடம் ஈரமாக இருக்கவிட்டு, இரும்புப் பாகங்களை மட்டும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். ஆக்ஸிமீட்டருக்கு ஹைப்போ வேண்டாம், 70 சதவீத ஸ்பிரிட் பஞ்சு போதும். ஆசிட்டோடு ஹைப்போவைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அந்த மூடிய வண்டிக்குள் நீங்கள்தான் அடுத்த நோயாளி.

காலி சிலிண்டரில் சாக்பீஸால் 'காலி' என்று எழுதி, வால்வை மூடித் தனியாக வையுங்கள்.