ஷெவர்லே 350 இன்ஜினுக்கு டைமிங் வைப்பது எப்படி

எங்கள் ஷார்ஜா ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற பழைய அமெரிக்க வண்டிகளில் ஷெவர்லே 350 இன்ஜின்தான் அதிகம். கேம், ஹோலி கார்புரேட்டர், ஹெடர் எல்லாம் மாற்றியிருப்பார்கள். டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் பிளக் பொறி விடுகிறது என்பது) மட்டும் ஐட்லிங்கில் 8 டிகிரி என்று பழைய கணக்கிலேயே நிற்கும். மிதித்தால் வண்டி இழுக்காது, பழி கார்புரேட்டர் ஜெட் மேல் விழும்.

இந்த மாதிரி இன்ஜினுக்கு நான் ஐட்லிங்கில் டைமிங் வைப்பதில்லை. மொத்த அட்வான்ஸைத்தான், அதாவது வேகம் ஏறி டைமிங் முழுதாக முந்தி வந்து நிற்கும் அளவைத்தான் பிடிப்பேன். சாதாரண ஹெட் என்றால் 34 முதல் 36 டிகிரி. ஷெவர்லேயின் பிற்கால வோர்டெக் ஹெட்டில் பெட்ரோல் சீக்கிரம் எரியும், அதற்கு 32 முதல் 34 போதும்.

அதற்கு முன் பேலன்சரில் (கிராங்க்கின் முன்முனையில் இருக்கும் கனமான சக்கரம்) இருக்கும் கோடு உண்மையா என்று பாருங்கள். பழசானால் நடுவில் உள்ள ரப்பர் விட்டு வெளி வளையம் நகர்ந்துவிடும். அப்புறம் எந்த டைமிங் லைட் (முதல் பிளக் பொறியோடு சேர்ந்து மின்னும் லைட்) அடித்தும் பிரயோஜனம் இல்லை. பேட்டரியைக் கழற்றி, பிளக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிளக் ஓட்டையில் மாட்டி பிஸ்டனைத் தடுக்கும் கருவி) மாட்டுங்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, முட்டும் வரை மெதுவாகச் சுற்றி, இன்ஜின் முன்பக்க டைமிங் குறியின் பூஜ்யத்துக்கு நேராக பேலன்சரில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி, முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுவில்தான் நிஜ டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். ஸ்டாப்பைக் கழற்ற மறக்க வேண்டாம்.

பேலன்சரில் ஒட்டும் டிகிரி அளவு டேப் இல்லையா? பேலன்சரின் சுற்றளவை அளந்து பத்தால் வகுங்கள், அதுதான் 36 டிகிரி. 8 அங்குல பேலன்சரில் கிட்டத்தட்ட 64 மில்லிமீட்டர் வரும். முன்னால் நின்று பார்க்கையில் டிடிசி கோட்டிலிருந்து கடிகாரச் சுற்றில் அந்தத் தூரம் தள்ளி வெள்ளை பெயின்ட்டில் கோடு போடுங்கள்.

இன்ஜினைச் சூடாக்கி, டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் வேக்கம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி, கார்புரேட்டர் பக்க முனையை அடைத்துவிடுங்கள். லைட்டின் கிளிப் முதல் பிளக் ஒயரில். டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் போல்ட்டைக் கையால் திருப்புகிற அளவுக்கு மட்டும் லூஸ் செய்யுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: லைட் வெளிச்சத்தில் ஃபேன் நின்றுவிட்ட மாதிரி தெரியும். நிற்கவில்லை! முழுக்கைச் சட்டையோடு குனியாதீர்கள்.

ஆர்பிஎம்மை ஏற்றிக்கொண்டே கோட்டைப் பாருங்கள். எங்கே நகர்வதை நிறுத்துகிறதோ அங்கே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் அட்வான்ஸ் வெயிட் முழுதாக விரிந்துவிட்டது. 3000-க்குள் நின்றால் நல்லது. 4000 தாண்டியும் நகர்ந்தால் ரோட்டாருக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கை மெல்லிசாக மாற்றுங்கள். நின்ற இடத்தில் புதுக்கோடு பூஜ்யத்துக்கு வரும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புங்கள்; வோர்டெக் ஹெட் என்றால் அதைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக. மேலிருந்து பார்த்தால் ரோட்டார் கடிகாரச் சுற்றில் ஓடும், அதனால் எதிர்ச்சுற்றில் திருப்பினால் அட்வான்ஸ் கூடும். ஐட்லிங்கில் 14, 16 என்று எது வந்தாலும் சரி. ஐட்லிங் வேகம் ஏறியிருக்கும், ஸ்குரூவில் குறைத்துவிடுங்கள்.

போல்ட்டை இறுக்கியதும் மறுபடி லைட் அடியுங்கள். இறுக்கும்போதே ஒன்றிரண்டு டிகிரி நகரும்.

ஹோஸை மாட்டி, மத்தியான வெயிலில் ஏசி போட்டு, டாப் கியரில் மிதித்து ஓட்டுங்கள். டப்பாவில் சில்லறை குலுக்குகிற சத்தம் கேட்டால் உடனே காலை எடுத்துவிட்டு, 2 டிகிரி குறையுங்கள். கம்ப்ரெஷன் ஏற்றிய இன்ஜினுக்கு இங்கே சூப்பர் 98 (98 ஆக்டேன்) தவிர வேறு பெட்ரோல் போட்டு இந்தச் சோதனை செய்வது வீண்.