அமுக்குவான் முதல் புளியமரம் வரை: பேய்க்குக் காரணம் தேடுவோர் செய்யும் தவறுகள்

நள்ளிரவில் விழிப்புத் தட்டுகிறது. மின்விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை, நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். அமுக்குவான் பேய் என்று ஊரில் சொல்வது இதைத்தான். இதைச் சொல்பவரிடம் ‘கனவு கண்டிருப்பாய்’ என்று பேச்சை முடித்துவிடுவது தவறு. அவர் பாதி விழித்துத்தான் இருந்தார். கனவு வரும் உறக்கக் கட்டத்தில் மூளை கைகால் தசைகளைச் செயலற்று வைத்திருக்கிறது; அந்தப் பிடி விடுவதற்குள் நினைவு திரும்பிவிட்டால், கனவின் மிச்சம் அறைக்குள்ளேயே ஆளுருவாகத் தெரியும். அப்போது மூச்சுவிடும் வேலையைப் பெரும்பாலும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத் தசையே பார்க்கிறது. ஆழ மூச்சிழுக்க முயன்று இயலாமற்போவது நெஞ்சில் பாரமாகப் படுகிறது. சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ எல்லாம் விலகிவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் நேர்கிறது.

பேயை மறுக்கும் அவசரத்தில் கைக்குக் கிடைத்த அறிவியலை எடுத்து ஒட்டுவது இதைவிடப் பெரிய தவறு என்பேன். இரவில் புளியமரம் வெளிவிடும் கரியமில வாயுவால் மூச்சுத் திணறுவதையே முன்னோர் பேய் என்றார்கள் என்று மேடைதோறும் கேட்கிறோம். திறந்தவெளியில் அந்த வாயு ஆளைத் திணறடிக்கும் அளவுக்குத் தேங்குவதில்லை; தேங்குமானால், வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டில் போட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

நல்ல விளக்கத்தையும் அளவுக்கு மீறி நீட்டக்கூடாது. இங்கிலாந்தில் ஓர் ஆய்வகத்தில் விக் டாண்டி என்ற பொறியாளரின் கடைக்கண்ணில் சாம்பல்நிற உருவம் தோன்றியது. பிடிகருவியில் இறுக்கி வைத்த வாள்வீச்சு வாளின் தகடு தானாக அதிர்வதைக் கண்ட அவர், காற்றுப்போக்கி விசிறி ஒன்று எழுப்பிய, காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் ஒலியே அதற்கும் அந்த உருவத்துக்கும் காரணம் என்று 1998-இல் எழுதினார். அன்றுமுதல் எந்தப் பேய் பங்களாவுக்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் லண்டனில் இதற்கென்றே ஓர் அறை அமைத்துச் சோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே சென்றவர்கள் விசித்திர உணர்வுகளைச் சொன்னார்கள்.

காரணம் உடலுக்கே ஆபத்தாக இருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடுகிறோம். காலடி ஓசையும் உருவங்களும் ஓர் அமெரிக்கக் குடும்பத்தை அலைக்கழித்ததற்குப் பழுதான உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று 1921-இல் ஒரு கண் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. வீட்டிலிருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் குறையுமானால், மந்திரிப்பவரைத் தேடுவதற்கு முன் எல்லாரும் வெளியேறி, கேஸ் கீசரையும் ஜெனரேட்டரையும் ஆள் வைத்துச் சோதிக்க வேண்டும்.